மஞ்சள் கட்டி: வெட்டி எடுப்பதா, விட்டுப் பிடிப்பதா?

குழந்தையின் தோளில் பட்டாணி அளவில், மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு கட்டி. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு ஜுவனைல் சாந்தோகிரானுலோமா என்கிறார். இனி இரண்டு வழி: வெட்டி எடுப்பது, அல்லது தானாக வற்றும்வரை விட்டுவைப்பது. எங்கள் மகளுக்கு விட்டுவைத்தோம்; அதனால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

இது புற்றுநோய் அல்ல. செல்களுக்குள் சேரும் கொழுப்புதான் அந்த மஞ்சள். ரத்தக் கொழுப்போடு தொடர்பில்லை, சாப்பாட்டை மாற்ற வேண்டியதில்லை.

வெட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், சந்தேகமும் தீரும். ஸ்பிட்ஸ் மச்சம், மாஸ்டோசைட்டோமா போன்ற வேறு தோல் கட்டிகளும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும் என்பதால், மருத்துவருக்கே உறுதி இல்லையென்றால் பயாப்சி, அதாவது சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு எடுப்பதுதான் சரி.

உறுதியான பிறகு முடிவு செய்யவேண்டியது தழும்பைப் பற்றி மட்டும்தான். கைக்குழந்தை தையல் போடும்வரை அசையாமல் கிடக்காது. பல நேரம் முழு மயக்கம் கொடுக்க வேண்டிவரும். போட்ட தையலின் தழும்போ பிள்ளை வளர வளரக் கூடவே நீளும். தோளிலும் மார்பிலும் தோல் எப்போதும் இழுபடுவதால் தழும்பு அகலும், சிலருக்குத் தடித்தும் போகும். விட்டுவைத்தால் பெரும்பாலும் 3 முதல் 6 வருடத்துக்குள் தானே அடங்கிவிடும். மகளுக்கு முதலில் நடுமேடு தணிந்தது, அப்புறம் ஆரஞ்சு மஞ்சள் போய்ப் பழுப்பானது, மேல்தோல் லேசாகச் சுருங்கியது. நிறமாற்றமோ சற்றே தளர்ந்த தோலோ மிஞ்சலாம். தையல் கோட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

விட்டுவைப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. அளவுகோலை அருகில் வைத்து, ஒரே வெளிச்சத்தில் அவ்வப்போது ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பல கட்டிகள் இருந்தால் கண் மருத்துவரிடமும் காட்டிவிடுவது நல்லது. அபூர்வமாகக் கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்பகுதியில் (ஐரிஸ்) இது வந்து, கண்ணுக்குள் ரத்தம் கசியும், கண் அழுத்தமும் ஏறும். உடம்பில் காபி நிறத் திட்டுகள் நிறைய இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தது ஒற்றைக் கட்டிதான். பல கட்டி வந்த வீட்டின் அனுபவம் எனக்கில்லை.

அடிக்கடி உரசிப் புண்ணாகி ரத்தம் வந்தாலோ, இமையில் வளர்ந்து பார்வையை மறைத்தாலோ என் கணக்கு செல்லாது. அறுவை மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, வற்றாமலே நின்றால்கூடப் பிள்ளை பெரியவளானதும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும்.