பி.சி.யு.எஸ்.ஏ.வா, பி.சி.ஏ.வா?

அமெரிக்காவில் சபை தேடும் தன்பாலீர்ப்பாளர்களும் அவர்களைப் பெற்றவர்களும் குழம்புவது இங்கேதான். பி.சி.யு.எஸ்.ஏ. என்பது 'பிரெஸ்பிடீரியன் சர்ச் (யு.எஸ்.ஏ.)', பி.சி.ஏ. என்பது 'பிரெஸ்பிடீரியன் சர்ச் இன் அமெரிக்கா'. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் நிர்வகிக்கும் புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் இவை. இரண்டு சபைகளின் பலகையிலும் 'பிரெஸ்பிடீரியன்' என்றே இருக்கும். உள்ளே விதிகள் வேறு.

குருப்பட்டம்
பி.சி.யு.எஸ்.ஏ.: 2011 முதல் தன்பாலீர்ப்பு தடையில்லை. போதகர், மூப்பர் இரு பொறுப்புக்கும் இதுவே விதி.
பி.சி.ஏ.: தன்பாலின உறவில் இருப்பவருக்குக் கிடையாது. 1973இல் தொடங்கிய இந்தச் சபை பெண்களுக்கே அந்தப் பட்டம் தருவதில்லை.

திருமணம்
பி.சி.யு.எஸ்.ஏ.: 2015இல் சபைச் சட்டம் மாறியது. திருமணம் இருவருக்கு இடையிலானது, மரபாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று எழுதினார்கள். அந்த 'மரபாக' இரு தரப்பையும் சமாளிக்கப் போட்ட சொல் என்றே எனக்குப் படுகிறது. கட்டாயமும் இல்லை: போதகர் மறுக்கலாம், ஆலயத்தைத் தருவதா என்பதை உள்ளூர் மூப்பர் குழு முடிவு செய்யும். ஆகவே தேதி குறிக்குமுன் அந்தக் குழுவிடமே நேராகக் கேளுங்கள். வாசலில் வானவில் கொடி பறப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.
பி.சி.ஏ.: ஆண்-பெண் திருமணம் மட்டுமே.

தெளிவு
பி.சி.ஏ.வில் எங்கு போனாலும் ஒரே பதில்.
பி.சி.யு.எஸ்.ஏ.வில் சபைக்குச் சபை மாறும். தன்பாலீர்ப்பாளர்களை முழுமையாக ஏற்கும் 'மோர் லைட்' அமைப்பில் சேர்ந்த சபையென்றால் தயங்காமல் போகலாம்.

துணையோடு வந்து பொறுப்பும் ஏற்க விரும்புபவருக்கு பி.சி.யு.எஸ்.ஏ.தான். பழைய போதனை மாறக் கூடாது என்பவருக்கு பி.சி.ஏ. பொருந்தும்; ஆனால் வீட்டில் பிள்ளை தன்னைப் பற்றி மனம் திறந்திருந்தால், அவனையோ அவளையோ கேட்காமல் அங்கே சேராதீர்கள்.