எலும்பு தெரிந்த விரலுக்கு வெறும் தோலை ஒட்டிவிட்டு ஃபிளாப் சர்ஜரி என்று பில் போட்டார்கள்

கோவை கணபதி பக்கம் பவர் பிரஸ் பட்டறையில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு நடந்தது இது. உங்கள் வீட்டில் யாராவது பிரஸ், லேத் என்று மெஷினில் நிற்பவர்கள் இருந்தால் முழுவதும் படித்துவிடுங்கள்.

பிரஸ்ஸின் டை (தகட்டை அழுத்தும் அச்சு) இறங்கியதில் வலது ஆள்காட்டி விரல் நுனியின் உள்பக்கச் சதை அப்படியே சீவிக்கொண்டு போய்விட்டது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஓனர் தனக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். "ஃபிளாப் பண்ணணும், பிளாஸ்டிக் சர்ஜன் வெளியிலிருந்து வருவார், முதலில் பணம் கட்டுங்க" என்றார்கள். கட்டினோம். வந்த டாக்டர் யார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

கட்டுப் பிரித்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. விரல் நுனியில் கறுத்துப்போன வெங்காயத் தோல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் சீழ். முன்கையில் தோல் எடுத்த தடம். "உதிர்ந்து தானா வளரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஒட்டுத்தோலுக்கு, அதாவது ஸ்கின் கிராஃப்டுக்கு, சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. கீழே இருக்கும் சதையிலிருந்து ரத்தம் கிடைத்தால்தான் பிழைக்கும். மேல் சவ்வும் போய் மொட்டையாக நிற்கும் எலும்பு அதற்கு எதையும் கொடுக்காது. ஃபிளாப் என்றால் தோலும் கொழுப்பும் தன் ரத்த ஓட்டத்தோடு நகர்ந்து வரும். எலும்பை மூட அதுதான் வேண்டும். அறுத்தது கிராஃப்டுக்கு, பணம் வாங்கியது ஃபிளாப்புக்கு!

சீழ் எலும்பின் நுனியையும் தின்றிருந்தது. அதை எடுத்துவிட்டு கிராஸ் ஃபிங்கர் ஃபிளாப் செய்தார்கள். நடுவிரலின் முதுகுப்பக்கத் தோலை, ஒரு ஓரம் மட்டும் விரலோடு ஒட்டியிருக்கும்படி கிளப்பி, மடித்து, ஆள்காட்டி விரலின் உள்பக்கம் தைப்பார்கள். தோல் எடுத்த இடத்துக்குக் கிராஃப்ட் வைப்பார்கள். அங்கே கீழே சதை உண்டு, பிடித்துவிடும். இரண்டு விரலும் சேர்ந்தபடியே இரண்டு மூன்று வாரம் இருக்க வேண்டும், பிறகுதான் வெட்டிப் பிரிப்பார்கள். அதுவரை அம்மாதான் சோறு ஊட்டினாள். முதலிலேயே இதைச் செய்திருந்தால் அவன் விரல் முழு நீளத்தில் இருந்திருக்கும்.

எல்லாக் காயத்துக்கும் ஃபிளாப் வேண்டியதில்லை. எலும்பு தெரியாமல் ஒரு சென்டிமீட்டருக்குள் தோல் போயிருந்தால் பெரும்பாலும் கட்டுப் போட்டே நன்றாக ஆறிவிடும். எலும்பைக் கொஞ்சம் குறைத்துத் தைப்பதும் சில நேரம் சரியான வைத்தியம்தான். ஆனால் எது, ஏன் என்று கையெழுத்து வாங்கும் முன் சொல்ல வேண்டும். கிராஃப்டா ஃபிளாப்பா, எங்கிருந்து எடுப்பீர்கள், செய்யப்போகிறவர் பெயர் என்ன, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் காயத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஃபிளாப் வைத்த பிறகு அழுத்தி விட்டால் வெளுத்து இரண்டு நொடியில் நிறம் திரும்ப வேண்டும். நீலமானாலோ வெளுத்தே இருந்தாலோ அன்றைக்கே திரும்பப் போங்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது.

ஓனர் செய்ததையும் சொல்லியாக வேண்டும். தம்பிக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உண்டு. "அதெல்லாம் அலைச்சல், நானே பார்த்துக்கறேன்" என்று விபத்து ரிப்போர்ட்டே அனுப்பவில்லை. இ.எஸ்.ஐ.யில் போயிருந்தால் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். இழப்பீட்டுக் கணக்கில் ஆள்காட்டி விரல் நுனி, எலும்பு போகாமல் வெட்டுப்பட்டால் சம்பாதிக்கும் திறனில் 5 சதவீதம் போனதாக எடுப்பார்கள், ஒரு கணு எலும்பு போனால் 9. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதுகிறார்கள் என்பதே பணம். எங்களுக்கு எலும்பைப் பற்றி ஒரு வரி இல்லை, "ஃபிளாப் கவர்" என்று மட்டும் இருந்தது.

கேஸ் பேப்பரைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. வாயால் கேட்டபோது இழுத்தடித்தார்கள், பதிவுத் தபாலில் கேட்ட பிறகே கொடுத்தார்கள். கோவையில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் சம்மரியையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நாங்கள் மனு போட்டுவிட்டோம்.