‘இந்த ஜன்னலுக்குக் கீழே என்ன வரும்?’ என்று கேட்கிற பிளான் ஆபீஸ்

திருச்சியில் எங்கள் புது வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுத்த ஒரு சின்ன இன்ஜினியர் ஆபீஸைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுக்கலாம், அதில் முக்கால்வாசி ஜன்னலுக்காகவே.

வழக்கமாக பிளானில் ஜன்னல் இருக்கிற இடத்தில் ஐந்துக்கு நாலு, நாலுக்கு நாலு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது தரையிலிருந்து எத்தனை அடியில் தொடங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. லிண்டல், அதாவது ஜன்னல் தலைக்கு மேலே வருகிற கான்கிரீட் உத்தரம், 7 அடியில், ஜன்னல் 4 அடி, மிச்சம் 3 அடிதான் சில், அதாவது ஜன்னலின் அடிக்கட்டை மட்டம், அவ்வளவுதான் கணக்கு. மேஸ்திரிக்கும் அதுதான் வசதி, வீடு முழுக்க ஒரே மட்டத்தில் நூல் கட்டி சில் கான்கிரீட்டை ஒரே மூச்சில் போட்டு முடித்துவிடலாம். இந்த ஆபீஸில் பிளான் போடுகிற மேடம் ஒவ்வொரு ஜன்னலையும் தொட்டுத் தொட்டு, “இதுக்குக் கீழே என்ன சார் வரும்? கட்டிலா, சோபாவா, டேபிளா?” என்று கேட்டார். அறைக்குள் யார் எங்கே உட்காருவார்கள் என்பது வரை விசாரணை போனது.

ஹாலில்தான் இதன் அருமை தெரிந்தது. அம்மா தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார், பூ கட்டுவார். தரையில் உட்கார்ந்தால் கண் மட்டம் சுமார் இரண்டரை அடி. சில் 3 அடியில் இருந்தால் தெருவுக்குப் பதில் எதிர்வீட்டு மாடியும் வானமும்தான் தெரியும், காற்றும் தலைக்கு மேலேயே போய்விடும். அதனால் தெருப்பக்க ஜன்னலுக்கு 2 அடி சில் என்று முடிவானது. செலவையும் மேடம் மறைக்காமல் சொன்னார்: 5 அடி அகல ஜன்னலை ஒரு அடி கீழே இறக்கினால் 5 சதுர அடி கூடும், கிரில், கண்ணாடி, கொசுவலை எல்லாவற்றுக்கும் அந்த 5 சதுர அடிக்குக் காசு உண்டு, மிச்சமாகிற செங்கல் அதற்கு ஈடாகாது. அப்புறம் சில் தாழ்வாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள் என்று, கிரில்லில் படுக்கைக் கம்பி வேண்டாம், நெடுக்குக் கம்பியாகவே போடுங்கள் என்று பிளானிலேயே குறித்துக் கொடுத்தார். மேற்குப் பக்கம் மட்டும் 4 அடிக்குக் கீழே இறக்க விடவே இல்லை. சாயங்கால வெயில் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து நேராக வரும், நம் ஊரில் அதைத் தாங்க முடியாது என்றார். சரிதான்.

படுக்கையறைக்கு இரண்டரை அடி, மெத்தையோடு சேர்த்துக் கட்டில் 2 அடி வருவதால் படுத்தால் காற்று உடம்பில் படும். படிக்கிற டேபிள் வருகிற இடத்தில் 3 அடி. பாத்ரூம் வென்டிலேட்டருக்குப் பெரிய பேச்சே இல்லை, ஐந்தரை அடியில் தொடங்கி லிண்டலில் முடிகிறது. கீசர் மட்டும் அந்தச் சுவருக்கு வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சமையலறைக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மேடை 2 அடி 10 அங்குலம். ஜன்னலை மூன்றரை அடியில் வைத்தால் நடுவில் 8 அங்குலம்தான் மிஞ்சும். சிங்க் ஜன்னலுக்கு நேர் கீழே வேண்டும் என்று வீட்டில் ஆசை. அப்படியானால் குழாய் எங்கே என்று கேட்டார். சுவரில் வைக்கிற குழாய் சிங்குக்கு மேலே ஒரு அடியாவது உயரத்தில் வர வேண்டும், அங்கே ஜன்னல்தான் இருக்கும். ஒன்று மேடையிலிருந்தே எழும்புகிற குழாய் வாங்க வேண்டும், இல்லை சில்லை 4 அடிக்கு ஏற்ற வேண்டும், இல்லை சிங்க்கை ஓரமாகத் தள்ள வேண்டும். நாங்கள் 4 அடி என்றோம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஜன்னல் சட்டத்தில் தெறிப்பதும் அதனால் குறையும்.

இனி குறை. உயரமெல்லாம் டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து கணக்கு என்று வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை மேஸ்திரி படிப்பாரா? அவர் டைல்ஸ் போடாத பேஸ்மென்ட் கான்கிரீட்டின் மேலே டேப்பை வைத்து அளந்துவிட்டார். மேலே கலவையும் டைல்ஸும் சேர்ந்து எப்படியும் 3 அங்குலம் ஏறும், அதாவது 4 அடி என்று நினைத்த சில் கடைசியில் மூன்றே முக்கால்தான் இருக்கும். நல்லவேளை, சமையலறைச் சுவர் ஒன்றில்தான் கட்டு அந்த உயரத்துக்கு வந்திருந்தது. ஆபீஸுக்குப் போன் மேல் போன் போட்ட பிறகுதான் ஆள் வந்தார். வந்தவர் வேலை தெரிந்தவர், தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, முடிந்த தரை மட்டத்திலிருந்து 3 அடியில் எல்லாச் சுவரிலும் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, சமையலறையில் மேலே ஒரு வரிசை செங்கல் வைக்கச் சொன்னார். இதைக் கட்டு வேலை தொடங்கும் அன்றே செய்திருக்கலாம் இல்லையா? சைட்டுக்கு வருவதில் இவர்கள் சோம்பேறிகள், அதுதான் ஒரு ஸ்டார் குறைந்த காரணம்.

இன்னொன்று, ஜன்னல் அட்டவணை பிளான் ஃபீஸில் சேராது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அகலம், உயரம், சில் மட்டம், எந்தப் பக்கம் திறக்கும் என்று போட்ட அந்தத் தாளுக்குத் தனிக் காசு கேட்டார்கள். கொடுக்கலாம், தப்பில்லை, ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். தரைமட்டக் குறிப்பைத் தமிழில், பெரிய எழுத்தில், தாளின் நடுவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள்.