கமலைக்காகப் போகலாம், கூழுக்காக வேண்டாம்

உசிலம்பட்டி பக்கம் ஒரு தோப்பில், பொங்கலை ஒட்டி அந்தக் காலத்துக் கிராம வாழ்க்கையைக் காட்டுகிறோம் என்று விழா போட்டிருந்தார்கள். ஆளுக்கு 100 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. எனக்குத் தொழில் மோட்டார் ரிப்பேர். போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டார் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. அதனால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற கமலைக்குத்தான் நேராகப் போனேன்.

கொடுத்த காசு அங்கேயே செரித்துவிட்டது. பொம்மைக் கிணறு கட்டாமல், தோப்பிலிருந்த பழைய கிணற்றிலேயே பூட்டியிருந்தார்கள். தண்ணீர் மொள்ளும் பாத்திரமான கூனையைத் தூக்க வடம் என்கிற பெரிய கயிறு. கூனையின் அடியிலுள்ள தோல் வாலுக்குத் தனியாக ஒரு வால்கயிறு. மேலே வரும்வரை வால்கயிறு வாலை மடக்கிப் பிடித்திருக்கும். விளிம்புக்கு வந்ததும் வால் நீண்டு தண்ணீர் தானாகத் தொட்டியில் கொட்டிவிடும், யாரும் கவிழ்க்க வேண்டியதில்லை. இரண்டு கயிற்றின் நீளத்தில்தான் சூட்சுமமே. வால்கயிறு கொஞ்சம் கூடிப்போனால் வால் தொங்கி, பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும் என்றார் மாடு ஓட்டிய பெரியவர். "வடத்துல உக்காருங்க தம்பி, உங்க கனமும் மாட்டுக்கு ஒத்தாசைதான்" என்று என்னையும் ஏற்றிவிட்டார். சரிவில் இறங்கி இழுத்த மாடுகள் அப்படியே பின்னோக்கி நடந்து மேலேறுவதைப் பார்க்க வேண்டுமே! 1990-ல் விவசாய மின்சாரம் இலவசமானதற்கு அப்புறம் பிறந்து, மோட்டாரை மட்டுமே பார்த்த பையன்களெல்லாம் வாயைப் பிளந்து நின்றார்கள்.

ஆனால் உச்சிவெயிலில், கூட்டம் கேட்கிறது என்று அதே ஜோடியை மறுபடி பூட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர் முகமும் சரியில்லை. அந்த வேலையை வெயில் ஏறுமுன் முடிப்பதுதான் வழக்கம். இன்னொரு ஜோடி கொண்டுவந்திருக்கலாம்.

சுங்குடிச் சேலைக் கடையில் முடிச்சுப் போட நமக்கே துணியும் நூலும் கொடுக்கிறார்கள். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, ஒவ்வொரு வெள்ளைப் புள்ளிக்கும் ஒரு முடிச்சு. என் மனைவி நாலு முடிச்சிலேயே விரலை உதறினாள். இனி சேலைக்குப் பேரம் பேசமாட்டாள் என்று நினைத்தேன், வெளியே வந்ததும் பேசினாள்.

கம்பங்கூழ் மோசம். பேப்பர் கப்பில் நீர்மோர் மாதிரி ஊற்றி 60 ரூபாய். மைக் பிடித்தவர் ஓயவே இல்லை. சென்னை பக்கம் முட்டுக்காட்டில் 1996-லிருந்து இருக்கிற தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருப்பார்கள். அந்த நேர்த்தி இங்கே இல்லை, ஓலைப் பந்தலும் பிளெக்ஸ் பேனரும்தான். ஆனால் அங்கே போக மதுரையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்.

அடுத்த வருஷமும் போட்டால் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள்.