வேனா, மோட்டாரா? மகளைப் பள்ளிக்கு அனுப்பியதில் கண்டது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயன் வீடுகளை விட்டு ஆட்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குக் குடிவந்து வருடக்கணக்காகிவிட்டது. தமிழ்ப்பள்ளிகளோ பல இடங்களில் இன்னும் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை மரங்களுக்கு நடுவில்தான் நிற்கின்றன. பிள்ளையை எதில் அனுப்புவது என்ற கேள்வி அதனால் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. என் மகள் முதலாம் ஆண்டு முழுக்க வேனில் போனாள். இரண்டாம் ஆண்டிலிருந்து நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, மதியம் ஏற்றி வருகிறேன். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு மோட்டார்தான்.

வேனுக்கு மாதம் 90 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். பெட்ரோலுக்கு அதில் பாதிகூட ஆகாது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை அதே சாலை. தையல் வேலை அதுவரை அப்படியே கிடக்கும். மழைக்கு வேன்தான் நல்லது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையில் பாதுகாப்புக்கும் வேன்தான், அதை மறுக்க மாட்டேன். அவள் தலை அளவுக்குத் தலைக்கவசம் வாங்கி, முப்பதுக்கு மேல் போகாமல்தான் ஓட்டுகிறேன்.

இவ்வளவு இருந்தும் மோட்டாரை விடாததற்குக் காரணம் ஒன்றே. அதில்தான் மகள் என்னிடம் பேசுகிறாள்.

பள்ளி தரும் அறிக்கையில் அந்தப் பேச்சு இருக்காது. முதல் மூன்று ஆண்டுகளுக்கான பரீட்சை 2019இல் நின்றது. ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் பரீட்சை 2021இல் அகற்றப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு, 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை. கணிதத்தில் 4 என்று அதில் தெரியும். பிள்ளை யாரோடு பசியாறுகிறாள், எதற்குப் பயப்படுகிறாள் என்பது தெரியாது. பழைய பரீட்சைத் தாளிலும் அது இருந்ததில்லை.

போன வருடம் பாதியிலிருந்து தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீடு திரும்பியது. "ஏன்மா குடிக்கல?" "மறந்துட்டேன்மா." எத்தனையோ நாள் ஏசியிருக்கிறேன். வேனிலிருந்து இறங்கும்போது பசியும் தூக்கமுமாக இருப்பாள். பேச இருந்ததையெல்லாம் கூட்டாளிகளிடம் பேசி முடித்திருப்பாள். மோட்டாரில் போகத் தொடங்கிய மூன்றாவது வாரம், பாலம் தாண்டும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அம்மா, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லம்மா. முன்ன கூட்டாளி புடிச்சிக்குவா. அவதான் வேற பள்ளிக்கூடம் போயிட்டாளே."

கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பிள்ளை தண்ணீரையே தொடாமல் இருந்திருக்கிறாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வகுப்பாசிரியரிடம் சொன்னேன், அந்த வாரமே தாழ்ப்பாள் போட்டார்கள்.

நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் அது விசாரணையாகிவிடுகிறது. மோட்டாரில் என் கண் சாலையில் இருக்கும். நான் திடுக்கிட்டாலும் அவளுக்குத் தெரியாது. பாலம் வரும்வரை நானாக எதுவும் கேட்பதில்லை. "பள்ளிக்கூடம் எப்படி?" என்றால் "நல்லா இருந்துச்சு"தான் வரும். "இன்னிக்கு உன் பக்கத்துல யாரு உட்கார்ந்தா?" என்றால் கதை வருகிறது. கதை முடியுமுன் புத்தி சொன்னேனோ, மறுநாள் வாய் திறப்பதில்லை. இரண்டு தடவை பட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை வைத்துத்தான் சொல்கிறேன். இடைநிலைப்பள்ளிப் பையன் இப்படிப் பேசுவானா என்று என்னால் சொல்ல முடியாது. அப்பா அம்மா இருவருமே ஆலையில் ஷிஃப்ட் வேலை என்றால் வேனை விட்டால் வழியில்லை. என் அக்கா வீடு அப்படித்தான். அவள் இரவில் துணி மடிக்கும்போது மகனையும் கூட மடிக்கச் சொல்வாள். அவனும் சட்டையைப் பார்த்துக்கொண்டே ஏதாவது சொல்கிறானாம்.

வேன்காரரிடம் நானும் கணக்கை முடித்துவிடவில்லை. மழை நாளிலும் வெள்ளிக்கிழமையிலும் அவர் வண்டிதான். வெள்ளிக்கிழமை மகள் கேட்டு வாங்கிக்கொண்டது, கூட்டாளிகளோடு வர வேண்டுமாம். அன்று வாசலில் வந்து இறங்குபவளிடம் நான் எதுவும் கேட்பதில்லை.