மெரினா மணல், தேரி மணல்: 19 நாள் ஊர்ப் பயணம்

நான்கு வருடம் கழித்து இந்த ஆடியில் ஊருக்குப் போய் வந்தேன். ஸ்டுட்கார்ட்டில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, ஊரில் அப்பாவின் முதல் வருடத் திதி. சென்னையில் பெரியம்மா வீட்டில் 5 நாள் இருந்தோம். மீதி நாள் முழுக்க, திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் காட்டின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரில். என்னைப் போல வயதான அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஜெர்மனி போன 2014-இல் சென்னையில் மெட்ரோ ஓடத் தொடங்கவில்லை. இப்போது மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டிகளோடு நேரே மெட்ரோவில் ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கிவிட்டோம். அங்கிருந்து திருவல்லிக்கேணிக்கு ஆட்டோ. விமான நிலையத்திலிருந்து எழும்பூருக்கு நேராகப் போகிறவர்கள் ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறலாம். இரண்டு தடமும் அங்கே வேறு வேறு மாடியில் இருப்பதால், பெரிய பெட்டி இருந்தால் லிஃப்டைத் தேடிப் போங்கள்.

சிக்கல் ஆரம்பித்தது போனில். இளநீர்க் கடை வரைக்கும் எல்லா இடத்திலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது, என்னால்தான் எதையும் ஸ்கேன் செய்து பணம் கட்ட முடியவில்லை. இந்திய வங்கியில் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான கணக்கு) வைத்திருப்பவர்கள் தாங்கள் இருக்கும் நாட்டு போன் எண்ணிலேயே யூபிஐ பயன்படுத்தலாம் என்று 2023-இல் முதலில் 10 நாடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். சிங்கப்பூர், துபாய்க்காரர்களுக்கு அது வசதி. ஜெர்மனி அந்தப் பட்டியலில் இல்லை. சரி, இந்திய எண் வாங்கிக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்று வங்கிக்குப் போனால், கணக்குத் தொடங்கிய கிளைக்கே போகச் சொன்னார்கள். என் கிளை இருப்பது 600 கிலோமீட்டருக்கு அப்பால். ஆதார் இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, ஆளே நேரில் நிற்கிறேன், அப்படியும் முடியாது என்றால் என்ன செய்வது? அன்று உண்மையிலேயே கோபம் வந்தது. ஊருக்கு வருகிறவர்கள் முன்பே ஓர் இந்திய எண்ணைக் கணக்கில் சேர்த்து, அது செத்துப்போகாமல் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். 100, 200 ரூபாய்த் தாள்களும் கையில் இருக்கட்டும். 500-க்குச் சில்லறை கிடைப்பது கஷ்டம்.

அந்தக் கோபத்தை ஆற்றியது மெரினா. பெரியம்மா மூன்று வருடமாகச் சக்கர நாற்காலியில்தான். கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு, ஆனால் மணலில் சக்கரம் புதையும் என்பதால் ரோட்டோரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் மணலுக்கு மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடியும் சரிசெய்தார்கள். அதன் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனேன். பெரியம்மா எதுவும் பேசவில்லை. முகத்தில் காற்று அடிக்க, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பாதையில் பைக்கை நிறுத்துகிறவர்களையும் கடை விரிக்கிறவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், தயவுசெய்து வழியை விடுங்கள்.

ஊருக்கு எழும்பூரிலிருந்து திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, ஆடி மாதம் என்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். எங்களுக்கு மாமா போட்டுக் கொடுத்தார்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு: குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கர். கண்ணுக்கெட்டிய தூரம் ரத்தச் சிவப்பில் மணல்மேடு, இடையிடையே பனை, உடைமரம், கொல்லாமரம். மணலின் மேல் படிந்திருக்கும் இரும்புத் துருதான் அந்த நிறம். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். ஆடியில் எங்கள் தெருவில் வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் அதன் மேல் சிவப்பாகப் படிந்துவிடும்.

ஊருக்கு டவுன் பஸ் ஒரு நாளைக்கு மூன்று நடை. பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இலவசம். பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள்தான், பூ விற்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அம்மா முன்பெல்லாம் மாதம் ஒருமுறை திருச்செந்தூர் போவாள், இப்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறாள். ஆனால் நான் இருந்த இரண்டு வாரத்தில் மதிய நடை நான்கு நாள் வரவில்லை. ஏன் என்று சொல்லவும் ஆள் இல்லை. வெயிலில் காத்து நின்றவர்கள் எல்லாரும் வயதானவர்கள்.

சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில். "ஆச்சி, போன மாத்திரை மிச்சம் வச்சிருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டே, மாத்திரை கொண்டுவரும் பெண் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தது. இரண்டு நாள் விட்டிருக்கிறாள் அம்மா. ஸ்டுட்கார்ட்டிலிருந்து தினமும் போன் செய்யும் எனக்கு அது தெரியாது.

அப்புறம் தபால்காரர். அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்தவர், குடும்ப ஓய்வூதியம் இப்போது அம்மாவுக்கு வருகிறது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒருமுறை சான்று கொடுக்க வேண்டும். அதற்காக அம்மாவைக் கருவூலத்துக்குக் கூட்டிப் போகத்தான் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருந்தேன். "எதுக்கு அவ்ளோ தூரம்? நான் வீட்டுக்கே வாரேன்" என்றார் தபால்காரர். கட்டணம் 70 ரூபாய். திண்ணையில் உட்கார்ந்து கைரேகைக் கருவியைப் போனில் மாட்டினார். அம்மாவின் கட்டை விரல் பதியவில்லை, ஆள்காட்டி விரலும் பதியவில்லை. சின்ன வயதிலிருந்து ஓலைப்பெட்டி முடைந்த கை, ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. "சார் வீட்டம்மா, அவசரமில்ல, கையத் தொடச்சிட்டு அடுத்த விரல வைங்க" என்று ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார். இடது கை மோதிர விரல் பதிந்தது. அந்த விரலைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார், அடுத்த வருடத்துக்காக.

காபி கொடுத்தோம், குடித்தார். அடுத்து மேலத்தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு தாத்தா வீடு. அந்தத் தெருவில் மணல் ஏறிக் கிடப்பதால் வண்டி போகாது. மொபெட்டை எங்கள் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கருவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து போனார்.