பில்ட் குறிப்பு: ரீட்மீயா, ஸ்கிரிப்டா, கன்டெய்னரா?

சோர்ஸ் கோடை இறக்கிக்கொண்டு, அதிலிருந்து மென்பொருளைத் தானே உருவாக்க, அதாவது பில்ட் செய்ய, நினைக்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் மூன்று விதமாக வழி சொல்கிறோம். ரீட்மீ கோப்பில் படிப்படியாக எழுதி வைக்கிறோம். அல்லது எல்லாவற்றையும் செய்துமுடிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொடுக்கிறோம். அல்லது டாக்கர் என்ற கருவிக்கான செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைலை எழுதி, மொத்தச் சூழலையும் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது கணினியின் மற்ற பகுதியிலிருந்து பிரித்த தனி உறைக்குள், அடைத்துக் கொடுக்கிறோம். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் பார்ப்பது ஓடாத நாளை. பாதியில் நின்றுபோனால், இந்த நிரலை முன்பின் பார்த்திராத ஒருவர் யாரையும் கேட்காமல் மீண்டு வர முடிகிறதா?

ரீட்மீயிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் சொதப்புவதும் அதுதான், அதிகம் உதவக்கூடியதும் அதுதான். "தேவையான லைப்ரரிகளை நிறுவிக்கொள்ளவும். பிறகு கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்." இப்படி ஒரே வரியில் முடிந்துவிட்ட குறிப்புகள் எத்தனையோ. 1991-இல், பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் என்ற கருவி வந்தபின் இந்த மூன்று கட்டளைகள் பலருக்கும் மனப்பாடமாகிவிட்டன. ஆனால் கன்ஃபிகர் என்பது கையால் எழுதும் கோப்பு அல்ல, ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தருவது. வெளியீட்டுத் தொகுப்பில் அது இருக்கும். திட்டத்தின் கோடும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் கிட் ரெப்போவில் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். அந்த ரெப்போவை நகலெடுத்துக்கொண்டு (குளோன் செய்து) வந்தவருக்கு முதல் கட்டளையிலேயே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வரும். கன்ஃபிகரை உருவாக்க ஆட்டோரீகான்ஃப் என்ற கட்டளையை ஓட்ட வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எழுதியவருக்கோ இந்தப் பிழை கண்ணிலேயே படாது. அவருடைய ஃபோல்டரில் கன்ஃபிகர் எப்போதோ உருவாகி உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து அந்த "தேவையான லைப்ரரிகள்", அதாவது நிரல் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்தக் கோடு. ஒருமுறை ஒரு சின்னக் கருவியை பில்ட் செய்யப்போய், கோடை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் ஹெடர் கோப்பு (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்வது) கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. என் கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் இருந்தது. குறிப்பிலும் "ஓப்பன்எஸ்எஸ்எல் தேவை" என்றுதான் இருந்தது. ஆக, சொன்னதைச் செய்தாயிற்று, ஆனாலும் ஓடவில்லை. நிரலை ஓட்டுவதற்கான லைப்ரரி வேறு, பில்ட் செய்வதற்கான ஹெடர்கள் அடங்கிய தொகுப்பு வேறு. டெபியனிலும் உபுண்டுவிலும் அதன் பெயர் லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஃபெடோராவில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல். "ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹெடர்கள் வேண்டும், டெபியன், உபுண்டுவில் லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஃபெடோராவில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல்" என்று எழுத அரை நிமிடம் ஆகும். வேறொரு லினக்ஸ் வைத்திருப்பவரும் தான் எதைத் தேட வேண்டும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்வார்.

இந்த இடத்தில் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? தொகுப்பின் சரியான பெயர் அதற்குள் இருக்கும், எந்தப் படியும் விட்டுப்போகாது. தானியங்கிச் சோதனையில் தினமும் ஓடினால், பழசாகிப்போன மறுநாளே தெரிந்துவிடும். ரீட்மீக்கு இல்லாத பெரிய பலம் இது. ஆனால் எழுதியவரின் லினக்ஸ் வகையை விட்டு வெளியே வந்தால் ஸ்கிரிப்ட் ஊமையாகிவிடுகிறது. அதைவிட மோசம், பிழை வந்ததும் நிற்கும்படி எழுதாத ஷெல் ஸ்கிரிப்ட். மூன்றாவது கட்டளை தோற்றாலும் அது பாட்டுக்கு மேலே போகும். முந்நூறு வரி தள்ளி, சம்பந்தமில்லாத இடத்தில் வேறொரு பிழை வந்து நிற்கும். அந்தப் பிழையைத் தேடிப் பிடித்து ஒரு மாலை முழுக்கப் போயிருக்கிறது எனக்கு. நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் சூடோ, அதாவது நிர்வாகி உரிமை, கேட்கும் ஸ்கிரிப்டையும் நான் நம்புவதில்லை. என் கணினியில் எதை நிறுவப்போகிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டாக்கர் 2013-இல் வந்தபோது இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது போலத்தான் இருந்தது. ஒரே கட்டளை, யாருடைய கணினியிலும் அதே சூழல். உண்மையிலேயே நல்ல வசதி. சிக்கல் காலம் போகப்போக வருகிறது. அடித்தளமாக ஒன்பது மாத ஆதரவு மட்டுமே உள்ள ஓர் உபுண்டு பதிப்பை எடுத்திருந்தால், ஆதரவு முடிந்தபின் அதன் தொகுப்புகள் பழைய வெளியீடுகளுக்கான சர்வருக்கு நகர்ந்துவிடும். அப்புறம் தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் வரியிலேயே 404 பிழை, அதாவது கேட்டது அங்கே இல்லை. இன்னொன்று, பில்ட் ஆன நிரல் கன்டெய்னருக்குள் இருக்கிறது. ஒரு பக் திருத்த வந்தவருக்கு அது தன் எடிட்டரிலும் டீபக்கரிலும் வேண்டும்.

ஆனாலும் டாக்கர்ஃபைலை நான் ஓட்டாவிட்டாலும் படிப்பேன். வெறும் கணினியிலிருந்து தொடங்கி எதெதை நிறுவ வேண்டும் என்ற பட்டியல் அதில் ஒளிவுமறைவின்றி இருக்கும். நிக்ஸ் என்ற தொகுப்பு மேலாண்மைக் கருவி இன்னும் துல்லியமாகப் பதிப்புகளைப் பூட்டி வைக்கும். ஆனால் சின்னத் திருத்தம் செய்ய வந்தவரை ஒரு புதிய மொழி கற்க வைக்கும்.

ரீட்மீயால் மட்டும் முடிவது ஒன்று உண்டு: காரணம் சொல்வது. பெரிய சி++ திட்டத்தில் மேக் கட்டளைக்கு ஜே (-j) என்ற தெரிவை மட்டும் கொடுத்து எண்ணை விட்டுவிட்டால், எத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. நினைவகம் தீர்ந்து, கம்பைலர் "கில்டு" என்ற ஒற்றைச் சொல்லோடு செத்துப்போகும். எல்எல்விஎம் என்ற பெரிய கம்பைலர் திட்டத்தில், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கத் தனி அமைப்பே இருக்கிறது. "எட்டு ஜிபி நினைவகம் என்றால் ஜே2 போதும், கில்டு என்று வந்தால் எண்ணைக் குறைத்து மீண்டும் ஓட்டுங்கள்" என்பதை எந்த ஸ்கிரிப்டிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அதனால் என் தேர்வு ரீட்மீதான், ஆனால் தனியாக அல்ல. அதிலுள்ள அதே கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டில் வைத்து, ஒவ்வொரு வாரமும் வெறும் கன்டெய்னர் ஒன்றில் தானாக ஓட விடுவேன். தோற்றால் இரண்டையும் சேர்த்தே திருத்துவேன். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ரீட்மீயை மட்டும் எழுதி, மேலே இப்படி ஒரு வரி சேர்ப்பேன்: "இந்தப் படிகள் புதிதாக நிறுவிய டெபியன் 12-இல் ஓட்டிப் பார்க்கப்பட்டவை. பில்ட் சரியாக முடிந்ததா என்று பார்க்க, நிரலின் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். எண் வந்தால் முடிந்தது."